பூட் ஆகாத சர்வரும் ‘டேட்டா போச்சு’ என்ற புரளியும்

“சர்வர் பூட் ஆகலை சார், டேட்டா எல்லாம் போச்சு. ஃபார்மட் பண்ணிப் புதுசா போட்டுட வேண்டியதுதான்.” லினக்ஸ் சர்வர் வைத்திருக்கும் சின்ன அலுவலகங்களில் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. சொல்பவர் கறுப்புத் திரையில் நாலு வரியைப் பார்த்திருப்பார், வாசித்திருக்க மாட்டார். பெரும்பாலான சமயம் டேட்டாவை அழிப்பது பழுது அல்ல, அதற்கு வைத்தியம் என்று செய்கிற இந்த ஃபார்மட்தான்.

பூட் ஆகும்போது என்ன நடக்கிறது? ஃபர்ம்வேர், க்ரப் என்ற பூட்லோடரை எழுப்புகிறது. க்ரப், கெர்னலையும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற தற்காலிகத் தொடக்க ஃபைல் சிஸ்டத்தையும் மெமரியில் ஏற்றுகிறது. ரூட் ஃபைல் சிஸ்டம் மவுன்ட் ஆகிறது. பிறகு சிஸ்டம்டி சர்வீஸ்களைத் தொடங்குகிறது. இதில் எந்த இடத்தில் பூட் நின்றுபோனாலும் லாகின் வராது. உங்கள் கணக்கு டேட்டாபேஸோ, மெயில்களோ ஹார்ட் டிஸ்கில் இருந்த இடத்திலேயே கிடக்கும். வாசல் பூட்டு மக்கர் செய்தால் வீட்டையா இடிப்பீர்கள்?

2020 ஜூலைக் கடைசியில் நடந்ததைப் பாருங்கள். க்ரப்பில் இருந்த ‘பூட்ஹோல்’ என்ற பாதுகாப்புக் குறையைச் சரிசெய்ய ரெட் ஹேட் ஓர் அப்டேட் வெளியிட்டது. அதைப் போட்டு ரீபூட் செய்த ரெட் ஹேட், சென்ட்ஓஎஸ் சர்வர்கள் பல எழவேயில்லை. ரெஸ்க்யூ மீடியாவில் பூட் செய்து, ஷிம், க்ரப் பேக்கேஜ்களைப் பழைய பதிப்புக்கு மாற்றியதும் எழுந்தன. பயனர் கோப்புகளை அந்தக் கோளாறு தொடவேயில்லை. அன்றைக்குப் பதறி ஃபார்மட் செய்தவர் இழந்தது முழுக்க அவர் கையால் இழந்தது.

இன்னும் சாதாரணமான காரணங்கள் உண்டு. மவுன்ட் செய்ய வேண்டியவற்றைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில், கழற்றிய டிஸ்க் ஒன்றின் வரி மிச்சமிருக்கும். சிஸ்டம்டி அந்த டிஸ்குக்காக வழக்கமாக 90 விநாடி காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் நின்றுவிடும். ரூட் பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே போய், ரூட்டை எழுதும்படி ரீமவுன்ட் செய்து, அந்த வரியின் முன்னால் ஒரு ஹேஷ் போட்டால் வேலை முடிந்தது. பூட் பார்ட்டிஷன் நிரம்பி கெர்னல் அப்டேட் பாதியில் நின்றிருக்கும். அதற்கு க்ரப் மெனுவில் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் போதும். உள்ளே வந்தபின் இடத்தைக் காலிசெய்து இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதிதாக உருவாக்கலாம். க்ரப்பே கெட்டிருந்தால் லைவ் யுஎஸ்பியில் பூட் செய்து, பார்ட்டிஷன்களை மவுன்ட் செய்து, சேஞ்ச்ரூட் வழியாக உள்ளே போய் க்ரப்பை மறுபடி நிறுவ வேண்டும். பழகியவருக்கு அரைமணி நேர வேலை. எதைத் தொடுவதற்கு முன்பும் திரையின் கடைசி வரிகளைப் போனில் படமெடுங்கள். காரணம் அங்கேதான் எழுதியிருக்கும்.

டிஸ்கே சாகிறது, ரீட் எரர்கள் வரிசையாக வருகின்றன என்றால் நிலைமை வேறு. அப்போதும் ஃபார்மட் கூடாது. டிடிரெஸ்க்யூவால் முதலில் இன்னொரு டிஸ்குக்கு நகலெடுங்கள். ரிப்பேரை நகலில் செய்யுங்கள்.

ஃபைல் சிஸ்டத்தைச் சோதிக்கும் கட்டளையைச் சொல்லி, “எஃப்எஸ்சிகே ஓட்டினால் எல்லாம் சரியாகும்” என்பார்கள். எழுதும் நிலையில் மவுன்ட் ஆகியிருக்கும் ஃபைல் சிஸ்டத்தின் மேல் ஓட்டினால் நன்றாக இருப்பதும் கெடும். எக்ஸ்எஃப்எஸ் வகை ஃபைல் சிஸ்டத்தில் அந்தக் கட்டளை எதையும் பழுதுபார்ப்பதே இல்லை. அதற்கு எக்ஸ்எஃப்எஸ் ரிப்பேர் என்று தனிக் கருவி இருக்கிறது. ரூட் பாஸ்வேர்டு மறந்துவிட்டால் ரீஇன்ஸ்டால் என்பதும் பொய். க்ரப்பில் கெர்னல் வரியைத் திருத்தி ஷெல்லுக்குள் போய் மாற்றிக்கொள்ளலாம். ‘ரெய்டு இருக்கிறது, பேக்கப் எதற்கு’ என்பவர்களுக்கு: ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்கில் எழுதும் ரெய்டில், தவறுதலாக அழித்த கோப்பு இரண்டு டிஸ்கிலிருந்தும் அதே நொடியில் போகும். மென்பொருள் ரெய்டில் க்ரப்பை முதல் டிஸ்கில் மட்டும் போட்டிருந்தால், அந்த டிஸ்க் செத்த அன்று மற்றொன்றிலிருந்து பூட்டும் ஆகாது.

எனக்கு ஆத்திரம் வருவது அப்டைம் பெருமையில்தான். “எங்க சர்வர் மூணு வருஷமா ரீபூட்டே ஆனதில்லை” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறார்கள். அந்த மூன்று வருஷத்தில் யாரோ எழுதிய எஃப்எஸ்டேப் வரி, பாதியில் நின்ற கெர்னல் அப்டேட், கையால் தொடங்கிவிட்டு எனேபிள் செய்ய மறந்த சர்வீஸ், எதுவுமே சோதிக்கப்படவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். நள்ளிரவில் கரன்ட் போய் யுபிஎஸ்ஸும் தீரும்போதுதான் எல்லாம் ஒன்றாக வெளிவரும். எதை யார் மாற்றினார்கள் என்று அப்போது யாருக்கும் நினைவிருக்காது.

மாதத்துக்கு ஒருமுறை, ஆட்கள் இருக்கும் நேரத்தில், பேக்கப்பை எடுத்து அதிலிருந்து ஒரு கோப்பை மீட்டும் பார்த்துவிட்டு, நீங்களாகவே சர்வரை ரீபூட் செய்யுங்கள். இந்த மாதமே தொடங்குங்கள்.