சுமக்கிற வளைவோ, சும்மா வளைவோ?

தெல்லிப்பழையில் அப்பப்பா கட்டிய வீட்டை 1990இல் விட்டு ஓடினோம். இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் கழித்துத் திரும்பிப் போனபோது ஓடு இல்லை, கைமரம் இல்லை, கதவு நிலைகள் இல்லை, யன்னல் கம்பிகள்கூட இல்லை. முன்விறாந்தையின் மூன்று வளைவுகள் மட்டும் நின்றன. அவற்றுக்குள் மரமும் இல்லை, இரும்பும் இல்லை; கழற்றிக்கொண்டு போகவும் ஒன்றுமில்லை, துருப்பிடிக்கவும் ஒன்றுமில்லை. நடு வளைவின் காலடியில் ஒரு வேம்பு முளைத்துச் சுவரை நெருக்கிக்கொண்டிருந்தது. அப்படியும் ஒரு கல் இறங்கவில்லை.

வீட்டை மீளக் கட்ட வந்த மேசன் அண்ணைக்கு எழுபது வயது இருக்கும். தங்கச்சி கனடாவிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களை அவருக்குக் காட்டினேன். ஹோலுக்கும் சாப்பாட்டறைக்கும் நடுவில் அகலமான வளைவு, மேலே வளைந்த சீலிங், ஓரமெல்லாம் மறைவிளக்கு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “தம்பி, உது சுமக்கிற வளைவோ, சும்மா வளைவோ?”

வீட்டுக்குள் வளைவு வைக்க ஆசைப்படுகிறவர்கள் வடிவம், நிறம், விளக்கு எல்லாவற்றுக்கும் முன்னால் விடை சொல்ல வேண்டிய கேள்வி இது. சுமக்கிற வளைவுக்குத் தேவையான சாமான் வேறு, சுவர் வேறு, செலவு வேறு. சும்மா வளைவிலும் பிழை ஏதுமில்லை. ஆனால் ஒன்றை மற்றதென்று நினைத்துக் கட்டினால் இரண்டு மாரிக்குள் சுவர் காட்டிக்கொடுத்துவிடும்.

வளைவு எங்கள் வீடுகளுக்குப் பிந்தி வந்து சேர்ந்த ஒன்று. முற்றத்தைச் சுற்றிய நாற்சார் வீட்டில் தூணும் மரமும் நேர்கோட்டில்தான் ஓடும். கூரையைத் தாங்கும் நீண்ட நேர்மரத்துக்குத்தான் நாங்கள் ‘வளை’ என்று பேர் வைத்திருக்கிறோம். கல்லை வளைத்துப் பாரம் ஏற்றும் வித்தையை இங்கே பெரிய அளவில் காட்டியவை கோட்டையும் தேவாலயங்களும். போர்த்துக்கேயர் கட்டியதை 1658இல் ஒல்லாந்தர் பிடித்து ஐங்கோணமாகத் திருத்திய யாழ்ப்பாணக் கோட்டையின் வாசலுக்குள் போனால், தலைக்கு மேல் கூடுபோல வளைந்த தடித்த கூரை. அதற்குள்ளே 1706இல் எழுந்த ஒல்லாந்தத் தேவாலயம் போரில் நொறுங்கிவிட்டது. சங்கானையில் பழைய தேவாலயத்தின் இடிபாட்டைப் போய்ப் பாருங்கள். முருகைக்கல்லின் பொத்தல்களுக்குள் சுண்ணாம்புச் சாந்து புகுந்து இறுகியிருப்பதைக் கையால் தடவியே அறியலாம். பிறகு, மலாயாவில் ரயில்வேயிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உழைத்துப் பென்சனோடு வந்தவர்கள் கட்டிய கல்வீடுகளில் வளைவு விறாந்தைக்கு ஏறியது. அப்பப்பாவின் வீடும் அந்த வரிசைதான். இப்போது வெளிநாட்டுக் காசில் எழும் வீடுகளில் அது ஹோலுக்குள் வந்துவிட்டது.

சுமக்கிற வளைவு எப்படி நிற்கிறது என்பதை அறிய, கழுத்துச் சங்கிலியைக் கழற்றி இரண்டு விரல்களுக்கு நடுவில் தொங்கவிடுங்கள். அது தொங்கும் கோட்டைத் தலைகீழாக்கினால், கல் விழாமல் நிற்க விரும்பும் கோடு கிடைக்கும். 1675இல் இங்கிலாந்தில் ரொபேர்ட் ஹூக் இதை ஒரு எழுத்துப் புதிராக வெளியிட்டார். தமிழ்நாட்டில் ஓரோவில் எர்த் இன்ஸ்டிடியூட் கட்டும் வளைகூரைகளுக்கு இன்றும் இந்தக் கணக்கே அடிப்படை. சங்கிலி விரல்களை உள்ளே இழுக்கிறது. வளைவு சுவர்களை வெளியே தள்ளுகிறது. அந்தத் தள்ளலை வாங்க இருபுறமும் சுவர் வேண்டும். ஆகவே வீட்டு மூலையை ஒட்டி இவ்வகை வளைவை வைக்க வேண்டாம். திறப்பின் இரு பக்கமும் குறைந்தது 2 அடி அசையாத சுவர் இருக்கட்டும். அகலம் கூடினால் பக்கச் சுவரும் கூட வேண்டும். 5 அடிக்கு மேல் போவதென்றால் பொறியியலாளர் ஒருவரைக் காட்டாமல் தொடங்காதீர்கள்.

அடுத்தது சாமான். இன்று குடாநாட்டில் பெரும்பாலான சுவர்கள் சீமெந்துக் கல்லால் எழுகின்றன. அந்தப் பெரிய கல் வளைவுக்கு இணங்காது. முருகைக்கல்லைக் கடலிலிருந்து எடுப்பது சட்டப்படி தடை. தடை இல்லாவிட்டாலும் எடுக்கக் கூடாது, கரையைக் காப்பது அதுதான். எங்கள் செம்மண்ணைத் தோண்டிக் கல் அறுப்பதும் பாவம், வெங்காயமும் உருளைக்கிழங்கும் விளைகிற மண் அது. ஆகவே வளைவுக்கு மட்டும் வன்னிப் பக்கத்திலிருந்து செங்கல் எடுப்பதுதான் வழி. பயப்பட வேண்டாம், 4 அடி வாசல் ஒன்றின் வளைவு ஐம்பது செங்கல்லுக்குள் முடிந்துவிடும். செங்கல்லைச் செங்குத்தாக, நெருக்கமாக அடுக்கி, இரு பக்கத்திலிருந்தும் ஒரே வேகத்தில் ஏறி, நடு உச்சியில் கடைசிக் கல்லை இறுக்க வேண்டும். கீழே தாங்கும் பலகையை அவசரப்பட்டு உருவ வேண்டாம்.

இரண்டாவது வழிதான் பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்தும்: நேரான கொங்கிறீற் லின்டலைப் போட்டுப் பாரத்தை அதனிடம் கொடுத்துவிட்டு, அதன் கீழ் இரு மூலைகளையும் நிரப்பி வளைவாக்குவது. இது சும்மா வளைவுதான், ஆனால் நேர்மையான சும்மா. வீட்டு மூலைக்கு அருகிலும் வைக்கலாம், அகலமாகவும் வைக்கலாம். வெடிப்பு வருமிடம் ஒன்றே: லின்டலும் நிரப்பிய மூலையும் சந்திக்கும் கோடு. இரண்டும் வெயிலுக்கு ஒரே அளவில் விரியாது. பூசுவதற்கு முன் அந்தக் கோட்டின் மேல் கோழிக்கூட்டுக் கம்பிவலையை இரண்டு பக்கமும் அரை அடி படியும்படி அடித்துவிட்டால் பாதித் தலையிடி தீரும். எங்கள் முந்தைய வாடகை வீட்டில் அதைச் செய்யாமல் பூசியிருந்தார்கள். வளைவின் இரு தோளிலிருந்தும் மீசைபோல இரண்டு வெடிப்பு. வருடாவருடம் பூசியும் போகவில்லை.

கம்பி இருக்குமிடமெல்லாம் உப்பைப் பற்றி யோசிக்க வேண்டும். கடற்காற்று ஒரு பக்கம், உவர்க்கிணறு ஒரு பக்கம். கடல்மணலைக் கலந்தாலோ உவர்த்தண்ணீரில் குழைத்தாலோ கம்பி உள்ளே துருப்பிடித்துப் பருத்து, கொங்கிறீற்றைப் பொருக்குப் பொருக்காகத் தள்ளிவிடும். கரையோரத்தில் வீடென்றால் கம்பியைச் சுற்றி ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாமல் கொங்கிறீற் மூடியிருக்க வேண்டும். நல்ல தண்ணீர் பவுசரில் வரவேண்டியிருந்தாலும் வரவழையுங்கள். வார்த்ததை நனைத்த சாக்கால் மூடி ஒரு கிழமையாவது ஈரமாக வைத்திருங்கள்.

மூன்றாவது வழி, ஜிப்சம் பலகையையோ பிளைவூட்டையோ வளைத்து அடிப்பது. இரண்டு நாளில் முடியும், செலவும் குறைவு, பிடிக்காவிட்டால் கழற்றலாம். கட்டி முடிந்த பழைய வீட்டுக்கு இது கைகொடுக்கும். ஆனால் பிளைவூட்டுக்குக் கறையான், ஜிப்சத்துக்கு ஈரம். வெளிவிறாந்தையில் இரண்டுமே வேண்டாம்; கார்த்திகை மழைச் சாரலுக்கு அவை நிற்கமாட்டா.

இனி வடிவம். முழு அரைவட்டம் கண்ணுக்கு நிறைவானது, ஆனால் உயரத்தைத் தின்னும். 4 அடி வாசலில் வளைவு மட்டும் 2 அடி எழும். ஆறரை அடியில் தொடங்கினால் உச்சி எட்டரை அடி. 10 அடிச் சுவரில் அழகாக இருக்கும், 9 அடியில் தலை முட்டுவதுபோலத் தெரியும். தாழ்ந்த சுவருக்கு வில்போன்ற குறைவளைவு நல்லது. அதே 4 அடிக்கு 8 அங்குலம் எழுந்தால் போதும், உச்சி 7 அடி 2 அங்குலத்தில் நிற்கும். இதன் கணக்கை மேசனிடம் சொல்வதற்கு எளிது: தொடங்கும் கோட்டின் நடுவிலிருந்து 32 அங்குலம் கீழே ஆணி, 40 அங்குலத்தில் நூல். ஆனால் குறைவளைவு பக்கச் சுவரைத் தள்ளும் விசை அரைவட்டத்தைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. அதனால் சுமக்கிற வளைவாகக் கட்டினால் சுவரைப் பலமாக்குங்கள். லின்டலுக்குக் கீழ் என்றால் இந்தக் கவலை இல்லை. மதுரைத் திருமலை நாயக்கர் மகாலைப் பார்த்து வந்தவர்கள் இதழ் இதழாக மடியும் வளைவு கேட்பார்கள். 1636இல் எழுந்த அந்த மாளிகையின் வளைவுகளுக்குக் கீழே எவ்வளவு பருத்த தூண்கள் நிற்கின்றன என்பதையும் அவர்கள் நினைவுபடுத்திப் பார்க்கவேண்டும். ஆறு அங்குலச் சுவரில் அந்த இதழ்கள் கேக்குக்குப் பூசிய ஐசிங்போல ஆகிவிடும்.

எங்கே வைப்பது? விறாந்தைக்கும் ஹோலுக்கும் நடுவில் ஒன்று. முற்றம் விட்டுக் கட்டுகிறீர்கள் என்றால், ஹோலிலிருந்து முற்றத்தைப் பார்க்கும் பக்கம். கதவில்லாத அகலத் திறப்பால் சோளகக் காற்று வீட்டை ஊடறுத்துப் போகும். சுவாமி அறை வாசலுக்கும் மிகப் பொருந்தும். சுவாமிக்குப் பின்னால் திருவாசி ஏற்கெனவே வளைந்து நிற்கிறது. வாசலின் நடுவும் திருவாசியின் நடுவும் ஒரே கோட்டில் வந்தால், விளக்கேற்றும் நேரம் ஹோலிலிருந்து பார்க்கிறவருக்கு ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரியும். குசினிக்கு வேண்டாம், தாளிப்புப் புகை வளைவின் உட்புறத்தில் படிந்தால் துடைக்கிறவரின் கழுத்து நோகும். வளைந்த யன்னல் விரும்பினால், திறக்கும் கதவைச் சதுரமாகவே வைத்து, மேல் அரைவட்டத்தில் அசையாத நிறக்கண்ணாடி போடுங்கள். பழைய வீடுகளில் அப்படித்தான் இருந்தது. நுளம்புவலையும் திரைச்சீலையும் வளைவுக்கு ஒருநாளும் ஒழுங்காகப் பொருந்தாது. ஒரு வீட்டுக்கு இரண்டு வளைவு போதும் என்பது என் எண்ணம். ஒவ்வொரு வாசலும் வளைந்தால் எதையும் கண் தனியாகப் பார்க்காது.

வளைந்த சீலிங்கில்தான் நான் தங்கச்சியோடு சண்டை போட்டேன். ஓட்டுக்கூரை வீடென்றால் முதலில் அண்ணாந்து பாருங்கள். முகட்டில் இருந்து சரிந்திறங்கும் கைமரமும் சிலாகையும் தரும் உயரத்தை எந்தச் சீலிங்கும் தராது. சித்திரை வைகாசி வெக்கை மேலே ஏறி ஓட்டு இடுக்குகளால் வெளியேறும். அதன் கீழ் ஜிப்சத்தை வளைத்து அடித்தால் அறையின் உயரம் ஒரு அடி ஒன்றரை அடி குறையும், சூடான காற்று வளைவின் உச்சியில் தங்கும். மேலே எலியும் அணிலும் குடியேறும். ஒரு ஓடு விலகினால் ஒழுக்கு எங்கே என்று தெரியாமல் சீலிங்கில் தேத்தண்ணி நிறத்தில் கறை பரவும்.

கொங்கிறீற் தட்டுப் போட்ட வீட்டில் இந்தக் குறைகள் பாதிக்கு மேல் இல்லை. அங்கே வளைந்த ஜிப்சம் ஒரு அறைக்கு, அதுவும் நீளமான ஒடுங்கிய அறைக்கு, அழகு சேர்க்கும். மின்விசிறிக் கொக்கியைத் தட்டிலேயே இறுக்கவேண்டும், ஜிப்சச் சட்டத்தில் வேண்டாம். வளைவின் வட்டமையம் ஆட்கள் இருக்கும் காது உயரத்தில் வராமல் பார்க்கவும். வந்தால் ஒருவர் பேசுவது குவிந்து மற்றவர் காதில் எதிரொலிக்கும். பீஜாப்பூர்க் கோல் கும்பாசில் அதைக் கேட்கப் பயணிகள் போகிறார்கள், வீட்டு ஹோலில் அது தொல்லை. மையத்தைத் தரைக்கு மிகக் கீழே தள்ளிவிட மெல்லிய வளைவே போதும்.

செங்கல்லாலேயே வளைகூரை கட்டலாமா என்று கேட்கிற இளைஞர்களைக் கண்டால் எனக்குச் சந்தோசம். இரும்பில்லாத கூரை எங்கள் உப்புக்காற்றுக்கு ஏற்றது. ஆனால் செங்கல் முழுவதும் தூரத்திலிருந்து வரவேண்டும், நீளச் சுவர் இரண்டும் தள்ளலைத் தாங்கத் தடிக்க வேண்டும், பழகிய கை வேண்டும். ஓரோவில்லில் பயிற்சி எடுத்த ஒருவர் கூட நின்றால் முதலில் ஒரு சிறிய சுவாமி அறைக்கோ வாசிப்பறைக்கோ கட்டிப் பாருங்கள். இரு முனைச் சுவரின் உச்சியிலும் காற்றுத் துவாரம் விட மறக்க வேண்டாம். கம்பி வளைத்து வார்க்கும் கொங்கிறீற் வளைகூரையை மட்டும் கடலுக்கு அருகில் நான் யாருக்கும் சொல்லமாட்டேன். அதன் வயிற்றுப் பக்கத்தில் துரு தொடங்கினால் திருத்துவது வீட்டை இடிப்பதற்குச் சமம்.

எந்த வழியைத் தெரிவுசெய்தாலும் படத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். எங்கள் வீட்டில் மேசன் அண்ணை நிலத்தில் ஆணியடித்து நூல் பிடித்து, கரித்துண்டால் மூன்று வளைவு கீறினார். ஒவ்வொன்றையும் மெல்லிய பிளைவூட்டில் வெட்டி, திறப்பில் ஒரு நாளுக்கு ஒன்றாக நிறுத்திவைத்தோம். அரைவட்டத்தை அம்மா ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இரண்டாவது, தங்கச்சி ஆசைப்பட்ட அகலமானது. அதற்குக் கீழ் நடக்கும்போது எல்லோரும் குனிந்தோம், தேவையில்லாமலே. மூன்றாவது நாள் 8 அங்குல வில்வளைவை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணிக்குப் போய் வந்தோம். அம்மா அதன் கீழ் கதிரையைப் போட்டு, காற்றுக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டு முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தா. அதையே கட்டச் சொன்னோம்.