பழைய பாயிண்டும் புதிய இயந்திரமும்

மின்சாரம் இல்லாத வீட்டை இன்று நாம் எண்ணிப் பார்க்கவும் இயலாது. ஆயினும் அதனைக் கையாளும் முறையை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? எங்கள் பாட்டி வீட்டில் நடந்த நிகழ்ச்சியே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

பாட்டியின் வீடு மிகப் பழையது. சென்ற கோடை விடுமுறையில் அங்கே துணி துவைத்து உலர்த்தும் இயந்திரம் ஒன்று வாங்கினோம். அதன் பெரிய மூன்று முனைப் பிளக், பழைய 5 ஆம்பியர் பாயிண்டில் நுழையவில்லை. கடையில் ஓர் அடாப்டர் வாங்கிப் பொருத்தினோம். மறுநாள் ஈரக் கையுடன் இயந்திரத்தைத் தொட்ட பாட்டிக்குச் 'சுர்'ரென்று ஷாக் அடித்தது. காலில் ரப்பர் செருப்பு இருந்ததால் தப்பினார்.

நாங்கள் செய்த தவறுகள் இரண்டு.

முதல் தவறு: மின்திறனை மின்னழுத்தத்தால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும் என்று பாடத்தில் படிக்கிறோம். நீரைச் சூடாக்கும் இயந்திரம் 2000 வாட் என்றால், 2000 ÷ 230 = சுமார் 8.7 ஆம்பியர். 5 ஆம்பியர் பாயிண்ட் இதைத் தாங்குமா? கம்பி சூடேறி, உறை உருகி, தீப்பிடிக்கவும் கூடும்.

இரண்டாம் தவறு: எர்த் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. பிளக்கில் நீண்டு தடித்திருப்பது எர்த் முனை. மற்ற இரண்டிற்கும் முன்னதாகத் தொட்டு, கடைசியாக விலகவே அதற்கு அந்த நீளம். இயந்திரத்தின் உலோக உடலில் மின்சாரம் கசிந்தால், எர்த் கம்பி அதனைப் பூமிக்குக் கொண்டு சென்று நம்மைக் காக்கிறது. எலக்ட்ரீஷியன் வந்து பாயிண்டைத் திறந்து பார்த்தார். எர்த் துளைக்குப் பின்னால் கம்பியே இல்லை!

"நியூட்ரலோடு எர்த்தையும் சேர்த்து முடிந்துவிடுங்களேன், தம்பி. பக்கத்து வீட்டில் அப்படித்தான் செய்திருக்கிறார்கள்" என்றார் பாட்டி.

"கூடவே கூடாது அம்மா! என்றாவது நியூட்ரல் கம்பி அறுந்தால், திரும்பிப் போக வழியில்லாத மின்சாரம் அந்த முடிச்சு வழியாக இயந்திரத்தின் உடம்புக்கு வந்துவிடும். தொடுபவர் மீது 230 வோல்ட் பாயும்" என்றார் அவர். நாங்கள் திகைத்துப் போனோம்.

பிறகு மெயின் போர்டிலிருந்து தனிக் கம்பி இழுத்து, 16 ஆம்பியர் பாயிண்ட் வைத்தார். கொல்லையில் குழி தோண்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் இட்டு, எர்த் கம்பியை அதில் இணைத்தார். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்சையும் பொருத்தினார்.

தோழியரே, பழைய கம்பிகளில் சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். புதிய இயந்திரங்களின் கம்பிகளில் முறையே பழுப்பு, நீலம், பச்சை-மஞ்சள். இவற்றை நினைவில் கொள்வோம். ஆனால் இணைக்கும் வேலையை உரிமம் பெற்றவரிடமே விடுவோம். ஈரக் கையால் சுவிட்சைத் தொடாதிருப்போம். புதிய இயந்திரம் வாங்கும் முன், வீட்டில் எர்த் உள்ளதா என்று கேட்போம். சிறு செலவுக்கு அஞ்சி உயிரைப் பணயம் வைக்கலாமா? சிந்திப்போம், செயல்படுவோம்!