கிளைக் கணக்கு பாதி வழியில் நிற்பது ஏன்?



இரவு கடை அடைத்ததும் கிளைகளின் விற்பனைப் பட்டியல் தலைமைக் கடையின் சர்வருக்கு வந்தால்தான், காலையில் இருப்பு பார்த்துக் கொள்முதல் செய்ய முடியும். எங்கள் மளிகை மொத்தக் கடையில் ஒருநாள் இரண்டு கிளைகளின் பட்டியல் வரவில்லை. பழைய இருப்பை நம்பித் துவரம்பருப்புக்கு ஆர்டர் போடாமல் விட்டோம். மறுநாள் மதியமே மூட்டை தீர்ந்து, வாடிக்கைக்காரர்கள் எதிர்க்கடைக்குப் போனார்கள்.

பழுது பார்க்க வந்தவர், ரவுட்டரில் எல்லா போர்ட்டுகளையும் சர்வருக்குத் திறந்து, பயர்வாலையும் நிறுத்திவிட்டுப் போனார். பைல் வந்தது உண்மைதான். ஆனால் கல்லாப்பெட்டியைத் தெருவில் வைத்ததற்கு அது சமம். இப்படிச் செய்யச் சம்மதிக்காதீர்கள்.

பைல் அனுப்பும் எப்.டி.பி. முறையின் முதல் வரைவை 1971-ல் எழுதியவர் அபய் பூஷன், கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தவர். இம்முறையில் பேச்சு ஒரு வழி, சரக்கு வேறு வழி. பெயர், பாஸ்வேர்டு எல்லாம் 21-ஆம் போர்ட்டில் போகும். பைலுக்குத் தனி இணைப்பு வேண்டும். ஆக்டிவ் முறையில் சர்வரே கிளையின் கம்ப்யூட்டரைத் தேடிப் போகும். கிளையின் ரவுட்டர் அதை உள்ளே விடாது. பாசிவ் முறையில் சர்வர் ஒரு போர்ட் எண்ணைச் சொல்லும், கிளை அங்கே வரும். கிடங்கில் சீட்டைக் காட்டினால், "பின்பக்கம் மூன்றாம் கதவில் சரக்கு எடு" என்பார்களே, அதுபோல. அந்தக் கதவு பூட்டியிருந்தால் உள்ளே நுழைந்தும் பட்டியல் வராமல் நிற்கும்.

ஆகவே சர்வரின் பாசிவ் பகுதியில் 50000 முதல் 50020 வரை என்று ஒரு சிறு வரம்பு கொடுங்கள். ஐந்தாறு கிளைகளுக்கு இது தாராளம். 21-ஆம் போர்ட்டையும் இதே வரம்பையும் சர்வரின் பயர்வாலில் அனுமதித்து, ரவுட்டரிலிருந்து சர்வருக்குத் திருப்பிவிட வேண்டும். மற்றவை மூடியே இருக்கட்டும்.

அடுத்தது முகவரி. பலர் தவறுவது இங்கேதான். சர்வர் தன் பதிலில் 227 என்று தொடங்கி ஆறு எண்கள் தரும். முதல் நான்கு முகவரி. ஐந்தாவதை 256-ஆல் பெருக்கி ஆறாவதைக் கூட்டினால் போர்ட். 195, 80 என்று வந்தால் 50000. முகவரி 192.168 என்று தொடங்கினால் சர்வர் கடைக்குள் மட்டும் செல்லும் முகவரியைச் சொல்கிறது என்று பொருள். பாசிவ் பகுதியில் வெளி முகவரியை எழுதுங்கள். அது அடிக்கடி மாறுமானால் நிலையான முகவரி வாங்குவது நல்லது. ரவுட்டரின் வெளிப்பக்க முகவரியே 10 அல்லது 100.64 என்று தொடங்கினால், இணைப்பு தருபவர் ஒரே முகவரியைப் பலருக்குப் பகிர்கிறார். அப்போது நீங்கள் எதை மாற்றியும் பயனில்லை, அவரிடம்தான் கேட்க வேண்டும்.

சாதாரண எப்.டி.பி.யில் பாஸ்வேர்டு தபால் கார்டில் எழுதியதுபோல் போகிறது. டி.எல்.எஸ். பாதுகாப்பைக் கட்டாயமாக்குங்கள். பேச்சு மறைக்கப்பட்ட பின் ரவுட்டர் அதைப் படித்துத் தானாகக் கதவு திறக்க முடியாது என்பதால், மேற்சொன்ன வரம்பு இன்னும் அவசியமாகிறது.

சோதனையைக் கடைக்குள் உட்கார்ந்து செய்யாதீர்கள். உள்ளே எல்லாம் சரியாகவே தெரியும். மொபைல் இணைப்பிலோ கிளையிலிருந்தோ பட்டியல் வருகிறதா என்று பாருங்கள்.