பேர் வாங்கிய கதை

அன்புள்ள நிலா,

செமினாருக்கு நீ எழுதி அனுப்பிய குறிப்பைப் படித்தேன். தலைப்பை நன்றாகத்தான் பிடித்திருக்கிறாய். ஆனால் முக்கால்வாசி விலை, வைரம் பதித்த பெயின்ட், எந்த நடிகரிடம் எந்த மாடல் நிற்கிறது என்றே போய்விட்டது. மெக்கானிக்கல் படிக்கிற பிள்ளை ரோல்ஸ் ராய்ஸைப் பற்றிப் பேசும்போது முதலில் இரும்பைப் பற்றிப் பேச வேண்டாமா? பட்டறையிலேயே காலத்தை ஓட்டியவன் என்ற உரிமையில் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே கண்ணு.

ஹென்றி ராய்ஸ் 1863இல் இங்கிலாந்தில் பீட்டர்பரோவுக்கு அருகே ஆல்வால்டன் என்ற கிராமத்தில், மாவு மில் நடத்தியவருக்கு மகனாகப் பிறந்தவர். ஒன்பது வயதில் அப்பா இறந்துவிட்டார். பையன் பேப்பர் விற்றான், தந்தி கொண்டுபோய்க் கொடுத்தான். உறவுக்கார அம்மாள் ஒருவர் பணம் கட்டி ரயில்வே பட்டறையில் அப்ரண்டிஸாகச் சேர்த்துவிட்டார். அவர் கையிலும் பணம் தீர்ந்ததும் பயிற்சி பாதியில் நின்றது. 1884இல் மான்செஸ்டரின் குக் தெருவில் கூட்டாளி ஒருவரோடு சின்னதாகத் தொழில் தொடங்கினார். முதலில் மின்சார அழைப்பு மணி, அப்புறம் டைனமோ, அதற்கப்புறம் மின்சாரக் கிரேன். கார்க் கம்பெனி ஆரம்பித்தவர் நாற்பது வயதுவரை செய்த வேலை இதுதான். உன் குறிப்பில் இது ஒரு வரிகூட இல்லை.

டெகோவில் என்ற பிரெஞ்சுக் காரை அவர் செகண்ட் ஹேண்டாக வாங்கினார். அது மோசமான கார் அல்ல, அன்றைக்கு நல்ல கார்களில் ஒன்று. ராய்ஸுக்குத்தான் திருப்தி வரவில்லை. பிரித்துப் பார்த்தார், ஒவ்வொரு பாகத்தையும் இதைவிட ஒழுங்காகச் செய்யலாமே என்று தானே செய்தார். 1904 ஏப்ரல் 1 அன்று அவருடைய இரண்டு சிலிண்டர் வண்டி குக் தெருவிலிருந்து கிளம்பியது. அதில் புதுக் கண்டுபிடிப்பு என்று சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது. இருந்ததையே ஒழுங்காகச் செய்திருந்தார், அவ்வளவுதான்.

சார்லஸ் ரோல்ஸ் நேர் எதிர். பிரபு வீட்டுப் பிள்ளை, கேம்பிரிட்ஜில் படித்தவர், லண்டனில் கடை போட்டு வெளிநாட்டுக் கார்களை விற்றவர். நம் ஊர்க்காரன் செய்த நல்ல கார் ஒன்று விற்கக் கிடைக்காதா என்று தேடிக்கொண்டிருந்தார். 1904 மே 4 அன்று மான்செஸ்டர் மிட்லண்ட் ஹோட்டலில் இருவரும் சந்தித்தார்கள். இரண்டு சிலிண்டர் வண்டி என்றாலே உதறும் என்பது ரோல்ஸின் எண்ணம். ஏறி ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தபோது எண்ணம் மாறியிருந்தது. செய்வதையெல்லாம் நான் விற்கிறேன், இரண்டு பேர் பெயரிலும் விற்கிறேன் என்று அந்த டிசம்பரிலேயே ஒப்பந்தம் போட்டார். 1906இல் கம்பெனி பதிவாயிற்று.

அந்த ஆண்டு வெளியான 40/50 குதிரைசக்தி மாடலில்தான் நீ கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஆறு சிலிண்டர் எஞ்சின் என்றால் அன்று எல்லோருக்கும் பயம். கிராங்க் ஷாஃப்ட் நீளமாகிவிடும். நீளமான ஷாஃப்டின் ஒரு முனையில் அடி விழும்போது மறுமுனை இம்மி பிந்தித் திரும்பும், அதாவது ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டு விடும். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் இந்த முறுக்கலும் சிலிண்டர்களின் வெடிப்பும் தாளம் சேர்ந்துவிட்டால் அதிர்வு ஏறிக்கொண்டே போய் ஷாஃப்ட் முறிந்தே போகும். அப்படி முறிந்த கார்கள் இருந்தன. ராய்ஸ் என்ன செய்தார்? ஷாஃப்டைத் தாராளமான தடிமனில் எடுத்தார். ஏழு மெயின் பேரிங் கொடுத்தார். மூன்று சிலிண்டர் எஞ்சின் இரண்டை முதுகோடு முதுகு ஒட்டவைத்தால் வருகிற அமைப்பில், முன்பாதியின் கண்ணாடிப் பிம்பமாகப் பின்பாதி இருக்கும்படி கிராங்குகளை வைத்தார். எண்ணெய் தெறித்து எட்டுகிற இடத்தில் எட்டட்டும் என்று விடாமல், அழுத்தம் கொடுத்து பேரிங்குக்குள்ளேயே அனுப்பினார். எஞ்சின் அளவு 7,036 சிசி, சக்தியோ 48 குதிரைசக்தி அளவுதான். இன்றைக்குச் சின்னக் காரிலேயே அதற்கு மேல் இருக்கிறது. அந்த எஞ்சினிடமிருந்து அவர் எதிர்பார்த்தது வேகத்தை அல்ல, அமைதியை. ஓடுகிற எஞ்சினின் ரேடியேட்டர் மூடிமேல் ஒரு நாணயத்தை நட்டுக்குத்தலாக நிறுத்திக் காட்டுவார்களாம், விழாதாம்.

இன்னொன்று, இதை ஃபிட்டர் வேலை தெரிந்தவர்கள் கேட்டால் கையைப் பிசைந்துகொள்வார்கள். சேஸிஸை இணைக்க மற்றவர்கள் ரிவெட்டைச் சூடுபண்ணி அடித்தார்கள். அடித்த ரிவெட் ஆறும்போது சுருங்கும், துளைக்குள் நூலளவு இடைவெளி விழும், ரோட்டில் ஆட ஆட அந்த இடைவெளி பெருகும். ராய்ஸ் டேப்பர் போல்ட் போட்டார். துளையையும் கையாலேயே ரீமர் பிடித்து டேப்பராக அறுத்து, போல்ட் முழு நீளத்துக்கும் இரும்போடு ஒட்டி உட்காரும்படி செய்தார். ஒரு சேஸிஸில் இப்படி எத்தனை துளை இருக்கும், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று நீயே மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார். விலை எங்கிருந்து வந்தது என்று கேட்டிருந்தாய் அல்லவா? முதல் பதில் இது. வைரமெல்லாம் பின்னால் வந்தது.

ஆனால் துளைக்குள் இருக்கிற டேப்பர் யார் கண்ணுக்குத் தெரியும்? அதை ஊருக்குத் தெரியவைத்தவர் மூன்றாவது ஆள், கிளாட் ஜான்சன். நிர்வாக இயக்குநர். 1907இல் அந்த 40/50 கார்களில் ஒன்றுக்கு அலுமினிய நிறம் அடித்து, விளக்கு முதலானவற்றுக்கு வெள்ளி முலாம் பூசி, ‘சில்வர் கோஸ்ட்’ என்று பெயர்ப்பலகை மாட்டினார். ராயல் ஆட்டோமொபைல் கிளப்பின் பார்வையாளர்களை உட்காரவைத்து லண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் இடையே திரும்பத் திரும்ப 15,000 மைல் ஓட்டினார். வழியில் ஒரே ஒரு தடவை தானாக நின்றது, ரோடு குலுக்கலில் பெட்ரோல் குழாயின் திருகு மூடிக்கொண்டதால். அதற்குப்பின் 14,371 மைல் பழுதில்லாத ஓட்டம். ஓட்டம் முடிந்ததும் காரைப் பிரித்துப்போட்டு, புதிது மாதிரி ஆக்க எவ்வளவு செலவாகும் என்று பார்வையாளர்களையே கணக்குப் போடச் சொன்னார். 2 பவுண்டு, 2 ஷில்லிங், 7 பென்ஸ். எனக்கு அந்த மைல் கணக்கைவிட இந்தக் காசுக் கணக்குத்தான் பிடித்தது. உலகத்திலேயே சிறந்த கார் என்று எவனும் விளம்பரம் போடலாம். பிரித்துக் காட்ட எத்தனை பேர் துணிவார்கள்?

மாடல்களைக் குறைத்து இந்த ஒன்றையே செய்வது என்று 1908இல் முடிவெடுக்கவும் ஜான்சன்தான் காரணம். காரின் மூக்கில் நிற்கிற பெண் சிலையும் அவருடைய ஏற்பாடு. கார் வாங்கியவர்கள் கண்டகண்ட பொம்மையை ரேடியேட்டர்மேல் மாட்டிக்கொண்டு திரிந்ததைச் சகிக்காமல், சார்லஸ் சைக்ஸ் என்ற சிற்பியைக் கொண்டு 1911இல் கம்பெனியே ஒன்றைச் செய்து கொடுத்தது. அதற்கு மாதிரியாக நின்றவர் எலினர் தார்ன்டன் என்பார்கள். மாண்டேகு பிரபுவின் காரியதரிசி. 1915 டிசம்பரில் இருவரும் இந்தியாவுக்குக் கப்பலில் வரும்போது மத்தியதரைக் கடலில் ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கியது. பிரபு பிழைத்தார், அந்த அம்மாள் பிழைக்கவில்லை.

இனி அந்தக் குப்பை வண்டிக் கதை. சாதாரண உடையில் லண்டன் ஷோரூமுக்குப் போன மகாராஜாவை விற்பனையாளன் அவமதித்தானாம், அவர் கார்களை வாங்கிவந்து குப்பை அள்ள விட்டாராம். நீ ஆல்வார் ராஜா என்று எழுதியிருக்கிறாய். இதே கதையை ஹைதராபாத் நிஜாம் பெயரில் கேட்டிருக்கிறேன், பாட்டியாலா பெயரிலும் கேட்டிருக்கிறேன். ராஜா மட்டும் மாறுகிறார், விற்பனையாளனின் திமிர் மாறுவதில்லை. அந்தக் காலத்து ஆவணம் ஒன்றைக் காட்டி யாரும் இதைச் சொல்வதாகத் தெரியவில்லை. நமக்கு வெள்ளைக்காரன் மூக்குடைபடுகிற கதை இனிக்கிறது, அதனால் நிலைத்துவிட்டது. எடுத்துவிடு. அதற்குப் பதில் உண்மையைச் சொல்: நம் சமஸ்தான ராஜாக்கள் அந்தக் கம்பெனியின் பெரிய வாடிக்கையாளர்கள். வேட்டைக்கு ஒன்று, ஊர்வலத்துக்கு ஒன்று என்று விதவிதமாகச் செய்வித்தார்கள். அன்று கம்பெனி விற்றது எஞ்சினும் சேஸிஸும்தான். மேல்கூட்டை பார்க்கர், ஹூப்பர் மாதிரியான கூடு கட்டும் நிறுவனங்களிடம் தனியாகச் செய்து வாங்க வேண்டும். படத்தில் நீ பார்த்து வியக்கிற பழைய ரோல்ஸ் ராய்ஸின் அழகில் பெரும்பங்கு ரோல்ஸ் ராய்ஸ் செய்ததே அல்ல!

பேர் பரவத் தொடங்கியபோதே ரோல்ஸ் போய்விட்டார். 1910 ஜூலையில் போர்ன்மத் விமானக் காட்சியில் அவர் ஓட்டிய ரைட் விமானத்தின் வால்பகுதி முறிந்தது. வயது 32. ராய்ஸுக்கும் உடம்பு படுத்தியது. டெர்பியில் தொழிற்சாலை ஓட, அவர் பிரான்ஸின் தென்கரையிலும் பிறகு இங்கிலாந்தின் வெஸ்ட் விட்டரிங் கிராமத்திலும் இருந்துகொண்டு வரைபடம் வரைந்து அனுப்பினார். உலகப்போர் வந்ததும் விமான எஞ்சினுக்குப் போனார்கள். 1919இல் ஆல்காக்கும் பிரவுனும் அட்லாண்டிக்கை நிற்காமல் தாண்டியது ரோல்ஸ் ராய்ஸ் ஈகிள் எஞ்சினில். இரண்டாம் போரில் ஸ்பிட்ஃபயர் போர்விமானத்துக்குள் இருந்தது அவர்களுடைய மெர்லின் எஞ்சின். கார் பேரும் விமானப் பேரும் ஒன்றையொன்று தூக்கிவிட்டன. 1933இல் ராய்ஸ் இறந்தார். பட்டம் கிடைத்த பிறகும் தன்னை மெக்கானிக் என்றே சொல்லிக்கொண்டவர்.

கார்க்காரர்களைக் கவிழ்த்ததும் விமானம்தான். லாக்ஹீட் ட்ரைஸ்டார் விமானத்துக்கு ஆர்பி211 என்ற எஞ்சினை ஒப்புக்கொண்ட விலையில் செய்து தருவதாகக் கையெழுத்திட்டார்கள். விசிறித் தகடுகளைக் கார்பன் ஃபைபரில் செய்யப் பார்த்தார்கள். பறவை மோதும் சோதனையில் தகடு தாங்கவில்லை. செலவு எகிறியது. 1971 பிப்ரவரி 4 அன்று கம்பெனி திவாலானது. விமான எஞ்சின் பிரிவை அரசாங்கம் எடுத்துக்கொண்டது, கார்ப் பிரிவு தனியாகப் பிரிக்கப்பட்டு 1980இல் விக்கர்ஸ் என்ற கம்பெனியின் கைக்குப் போனது.

இப்போது வருவதை நிதானமாகப் படி, எம்பிஏ படிக்கிற உன் தோழிக்கும் சொல். 1998இல் விக்கர்ஸ் கார்க் கம்பெனியை ஏலம்போல விற்றது. பிஎம்டபிள்யூ 340 மில்லியன் பவுண்டு கேட்டது, ஃபோக்ஸ்வாகன் 430 மில்லியன் கொடுத்து வாங்கியது. கிரூ ஊரில் இருந்த தொழிற்சாலை, தொழிலாளர்கள், பென்ட்லி என்ற கார் பிராண்டு, ரேடியேட்டர் கிரில்லின் வடிவம், அந்தப் பெண் சிலை எல்லாம் ஃபோக்ஸ்வாகனுக்கு. 1907இல் ஓடிய அந்த சில்வர் கோஸ்ட்கூட கிரூவோடு சேர்ந்து போயிற்று. ஆனால் ‘ரோல்ஸ் ராய்ஸ்’ என்ற பெயரும் இரட்டை ஆர் முத்திரையும் விமான எஞ்சின் கம்பெனியிடம் இருந்தன. பிஎம்டபிள்யூவோடு அவர்களுக்கு ஏற்கெனவே கூட்டுத் தொழில் உண்டு. 40 மில்லியன் பவுண்டுக்குப் பெயரை பிஎம்டபிள்யூவுக்குக் கொடுத்துவிட்டார்கள். பெயர் ஒருவரிடம், சிலை இன்னொருவரிடம். கடைசியில் சமரசம் பேசி, 2002 முடியும்வரை ஃபோக்ஸ்வாகன் ரோல்ஸ் ராய்ஸ் செய்யலாம், 2003 ஜனவரி 1 முதல் பிஎம்டபிள்யூ என்று முடித்தார்கள்.

அதாவது இன்றைய ரோல்ஸ் ராய்ஸுக்கு ராய்ஸின் தொழிற்சாலையோடு நேரடி வாரிசு உறவு கிடையாது. குட்வுட்டில், ராய்ஸ் கடைசியாக வாழ்ந்த வெஸ்ட் விட்டரிங்குக்குச் சற்றுத் தள்ளி, புதிதாகத் தொழிற்சாலை கட்டினார்கள். எஞ்சின் ஜெர்மனியிலிருந்து வந்தது. ஆனாலும் 2003இல் வந்த ஃபான்டம் மாடலை யாரும் போலி என்று தள்ளவில்லை. காரின் பக்கவாட்டில் ஓடுகிற மெல்லிய கோட்டை இன்றும் அணில்முடித் தூரிகையால் கையாலேயே இழுக்கிறார்கள். 2022இல் 6,021 கார்கள் விற்றன. என்னைக் கேட்டால், பழைய டேப்பர் போல்ட்டுக்குச் சமமான கண்டிப்பு இந்தக் கோட்டில் இல்லை. கோடு கண்ணுக்குத் தெரிகிறது, போல்ட் தெரியாது. இது பட்டறைக்காரன் தீர்ப்பு. நீ வேறு மாதிரி நினைத்தால் வாதாடு.

கடைசியாக மின்சாரக் கார். 1900இலேயே, ராய்ஸைச் சந்திக்கும் முன்பே, மின்சார வண்டி சத்தமில்லாதது, சுத்தமானது, சார்ஜ் ஏற்ற வசதி வந்துவிட்டால் உபயோகப்படும் என்று ரோல்ஸ் சொல்லியிருக்கிறார். 2023இல் கம்பெனியின் முதல் மின்சாரக் கார் ஸ்பெக்டர் வாடிக்கையாளர்களிடம் போனது. ஆனால் நம் காந்திபுரத்தில் ஓடுகிற மின்சார ஆட்டோவிலும் எஞ்சின் சத்தம் கிடையாதே! நூறு வருஷம் அமைதியை விற்றவர்கள் இனி எதை விற்பார்கள் என்று உன் பேராசிரியர் கட்டாயம் கேட்பார். எஞ்சின் அடங்கிவிட்டால் டயர் சத்தமும் காற்றுச் சத்தமும் மேலே வரும். 2017 ஃபான்டமிலேயே டயருக்குள் நுரைப்பட்டை ஒட்டினார்கள், இரட்டை அடுக்குக் கண்ணாடி போட்டார்கள், சத்தம் தடுக்கும் பொருள் மட்டும் 130 கிலோ. 2020இல் வந்த கோஸ்ட் மாடலில் உள்ளே அமைதி அதிகமாகிப்போய் ஆட்களுக்குத் தலை கிறுகிறுக்கிற மாதிரி இருந்ததால், பாகங்களின் அதிர்வெண்ணைச் சீர்படுத்தி மெல்லிய முணுமுணுப்பு ஒன்றை வேண்டுமென்றே விட்டுவைத்தார்கள். இந்த இடத்தில் உன் வைப்ரேஷன் பாடம் வந்துவிட்டது பார். கிராங்க் ஷாஃப்ட் படம் ஒன்றைக் கையாலேயே வரைந்து அனுப்பு, பார்த்துத் திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
பெரியப்பா