பவுடரில் இறங்கிய ஐந்து கிலோ ஏழாகத் திரும்பியது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 34. உயரம் 156 செ.மீ., எடை 74 கிலோ. அம்பத்தூர் எஸ்டேட்டில் பேக்கிங் வேலை. ஒரு வாரம் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், ஒரு வாரம் செகண்ட் ஷிஃப்ட். போன வருடம் தோழி சொன்னாள் என்று இரண்டு வேளை சாப்பாட்டுக்குப் பதிலாகப் பவுடர் கரைத்துக் குடித்தேன். மூன்று வாரத்தில் 5 கிலோ இறங்கியது. நிறுத்திய பிறகு 7 கிலோ ஏறிவிட்டது. முடியும் கொத்துக் கொத்தாகக் கொட்டியது. இரண்டாவது பிரசவத்தில் சுகர் இருந்து, பிறகு சரியானது. ஒன்றரை மாதத்தில் தங்கை கல்யாணம். அதற்குள் 10 கிலோ குறைய மறுபடியும் பவுடர் குடிக்கலாமா, ஊசி போடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, அம்பத்தூர்

பதில்: இரண்டும் வேண்டாம் சகோதரி. ஒன்றரை மாதத்தில் 10 கிலோ என்ற கணக்கும் வேண்டாம்.

அந்த 5 கிலோவை முதலில் பார்ப்போம். ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி குறைய வேண்டும். 5 கிலோவுக்கு 38,500. அதை 21 நாளுக்குப் பங்கிட்டால் தினமும் 1,800 கலோரிக்கு மேல் வருகிறது. உங்கள் உடம்பு ஒரு நாளில் செலவழிப்பதே சுமார் 2,000 கலோரிதான். அப்படியானால் மூன்று வாரமும் கிட்டத்தட்டப் பட்டினி கிடந்திருந்தால்தான் அவ்வளவு கொழுப்பு போயிருக்கும். போனதில் பெரும்பங்கு தண்ணீர். கல்லீரலும் தசையும் சேமித்து வைக்கும் சர்க்கரை, தன்னைப் போல் மூன்று மடங்கு நீரைப் பிடித்து வைத்திருக்கும்; சாப்பாடு குறைந்ததும் முதலில் கரைவது அதுதான். கூடவே கொஞ்சம் தசையும் போயிருக்கும். தசை குறைந்தால் உடம்பு செலவழிக்கும் கலோரியும் குறையும். பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியதும் முன்பைவிட அதிகமாக ஏறியதற்கு இதுவும் ஒரு காரணம். முடி கொட்டியதும் இதன் தொடர்ச்சிதான். திடீரென எடை இறங்கினால் இரண்டு மூன்று மாதம் கழித்து இப்படிக் கொட்டுவதுண்டு.

பிரசவத்தின்போது சுகர் இருந்தது என்று ஒரு வரியில் எழுதிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். எனக்குக் கவலை அதில்தான். அப்படி வந்தவர்களுக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். அதைத் தள்ளிப்போட வழி உண்டு என்று நம் சென்னையிலேயே நிரூபித்திருக்கிறார்கள். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவு 2006இல் வெளியானது. சுகர் எல்லைக்கோட்டில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டு கவனித்தார்கள். வழக்கம்போல் விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. சாப்பாட்டைத் திருத்தி, தினம் அரைமணி நேரம் நடக்கச் சொல்லப்பட்டவர்களில் 39 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. அவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவே இல்லை! எடை மெஷினில் முள் நகரவில்லை என்று முதல் மாதமே மனம் விட்டுப்போகிறவர்களுக்கெல்லாம் இதை நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

இனி உங்கள் தட்டு. இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று ஐசிஎம்ஆர்-இண்டியாப் (ICMR-INDIAB) ஆய்வு சொல்கிறது. அதைக் குறைத்துப் புரதத்தைக் கூட்ட வேண்டும். கேன்டீனில் சாதத்தை ஒரு கரண்டி குறைத்துப் பொரியலை இரண்டு மடங்காகக் கேளுங்கள். வீட்டிலிருந்து ஒரு டப்பாவில் கொண்டைக்கடலையோ தட்டைப்பயறோ சுண்டலாக எடுத்துப் போங்கள். இரண்டு அவித்த முட்டை இருந்தால் இன்னும் நல்லது. செகண்ட் ஷிஃப்ட் வாரத்தில், ராத்திரிச் சாப்பாட்டை எட்டு மணி இடைவேளையிலேயே முடித்துவிடுங்கள். வீடு திரும்பி நடுராத்திரியில் சாதம் போட்டுச் சாப்பிடுவதுதான் ஷிஃப்ட் வேலைக்காரர்களிடம் நான் அதிகம் பார்க்கும் சிக்கல். பசித்தால் ஒரு டம்ளர் மோர் போதும்.

டீயை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. நாளுக்கு நாலு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 40 கிராம், 160 கலோரி. மாதத்துக்கு 4,800. சர்க்கரையை மட்டும் நிறுத்தினாலே மாதம் அரைக் கிலோவுக்கு மேல் வழி பிறக்கிறது.

நடக்க வேண்டும் என்பதற்காக எஸ்டேட் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே நடக்கச் சொல்ல மாட்டேன். சாப்பிட்டதும் கம்பெனி வளாகத்துக்குள்ளேயே பத்து நிமிடம், அப்படி நாளுக்கு மூன்று தடவை நடந்தால் போதும்.

ஊசி விஷயம். உங்கள் பிஎம்ஐ 30ஐத் தாண்டியிருப்பதால் டாக்டர் அதைப் பரிந்துரைக்கவும் கூடும். ஆனால் குறைந்த அளவில் தொடங்கி மாதாமாதம் கூட்டிக்கொண்டு போக வேண்டிய மருந்து அது; கல்யாணத்துக்குள் முழு அளவை எட்டவே முடியாது. செமாக்ளூடைட் ஊசியை நிறுத்தியவர்களுக்கு, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே ஆண்டில் திரும்பியதும் ஆய்வில் பதிவாகியிருக்கிறது. தெரிந்தவர் மூலம் வாங்கிப் போட்டுக்கொள்வதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள்.

கல்யாணத்துக்குள் 2, 3 கிலோ குறையலாம். பிளவுஸை அதற்கு முந்தின வாரம் அளவெடுத்துத் தைக்கக் கொடுங்கள். ஆறு மாதத்தில் 4 கிலோ குறைந்தாலே உங்கள் எடையில் 5 சதவீதம். சுகர், பிரஷர் இரண்டிலும் மாற்றம் தெரியும். இந்த வாரமே அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் டாக்டரிடம் பிரசவகால சுகரைச் சொல்லி, சர்க்கரை, ஹீமோகுளோபின், தைராய்டு மூன்றுக்கும் பரிசோதனை கேளுங்கள். ரிப்போர்ட் வந்ததும் எழுதுங்கள். இரண்டு ஷிஃப்டுக்கும் தனித்தனியாக உணவு அட்டவணை போட்டுத் தருகிறேன்.