கணினித் திருடனும் கணக்குச் சிட்டையும்



நாற்பது ஆண்டுகளாகக் கடலூர் முதுநகரில் மளிகை மொத்த வியாபாரம் செய்து வருகிறேன். கள்ள நோட்டு, எடைக் குறைவு, திரும்பி வந்த காசோலை எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஆள் முகமே தெரியாமல் கல்லாவில் கை வைக்கும் திருட்டைச் சென்ற ஆண்டுதான் பார்த்தேன்.

நாங்கள் துவரம் பருப்பு கொள்முதல் செய்யும் வெளிமாநில மண்டியின் பெயரில் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. "வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்தக் கணக்குக்கு அனுப்பவும்" என்றிருந்தது. கூடவே பில்லின் படமும் இருந்தது. என் மகன் 1,85,000 ரூபாயை அனுப்பிவிட்டான். சரக்கு வரவில்லை. மண்டிக்குப் போன் செய்தால், அவர்கள் கணக்கை மாற்றவே இல்லை! வெளியே தெரிந்தால் கடைப் பெயர் கெடும் என்று நான்கு நாள் வாய் திறக்காமல் இருந்தேன். அந்த நான்கு நாளில் பணம் பல கணக்குகளுக்குத் தாவிவிட்டது. திரும்பக் கிடைத்தது 12,000 மட்டுமே. ஏமாந்தது என் மகன். பணத்தைத் தொலைத்தது என் மௌனம்.

"புகார் கொடுத்து என்ன பயன் அண்ணாச்சி? கம்ப்யூட்டருக்குள் ஒளிந்தவனை யார் பிடிப்பது?" என்று சிதம்பரம் மேலவீதியில் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டார். பிடித்திருக்கிறார்கள், அதுவும் நம் தமிழ்நாட்டுப் போலீசாரே.

2004 பிப்ரவரியில் ஒரு பெண் சென்னை போலீசில் புகார் கொடுத்தார். யாரோ அவர் பெயரில் பொய்யான மின்னஞ்சல் கணக்கு தொடங்கி, யாஹூ குழுவில் ஆபாசச் செய்திகளைப் பரப்பியிருந்தார். சென்னை சைபர் குற்றப் பிரிவு துப்புத் துலக்கி, பம்பாயில் இருந்த ஒருவரைக் கைது செய்தது. மார்ச் 24-இல் குற்றப்பத்திரிகை. நவம்பர் 5-இல் எழும்பூர் நீதிமன்றம் அவருக்குச் சிறைத் தண்டனையும் அபராதமும் விதித்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 67-ஆம் பிரிவில் நாட்டிலேயே முதல் தண்டனை என்று இவ்வழக்கைச் சொல்கிறார்கள்.

"அந்தச் செய்திகளை நான் அனுப்பவில்லை" என்றுதான் எதிரி தரப்பு வாதாடியது. அந்த வாதம் எடுபடாமல் போகக் காரணம், கம்ப்யூட்டர் நிபுணரின் சாட்சியமும், இன்டர்நெட் மையம் நடத்தியவர்களின் சாட்சியமும். ஆம், நம்மைப் போல் கடை நடத்தியவர்கள் சொன்ன சாட்சி!

புலன்விசாரணையின் சூட்சுமம் நமக்குப் புரியாததல்ல. சரக்கு எந்த மண்டியில் ஏறி, எந்த லாரியில் வந்து, யார் கடையில் இறங்கியது என்பதைச் சிட்டை பார்த்துச் சொல்கிறோம் அல்லவா? இன்டர்நெட் இணைப்புக்கும் எண் உண்டு. குறிப்பிட்ட நேரத்தில் அந்த எண் யாரிடம் இருந்தது என்பது இணைப்புக் கொடுக்கும் நிறுவனத்தின் பதிவில் இருக்கும். பணம் போன வழி வங்கிப் பதிவில் இருக்கும். திருடன் எழுதாத சிட்டையை அவனுக்காக மற்றவர்கள் எழுதி வைக்கிறார்கள். ஆனால் அந்தப் பதிவுகள் என்றைக்கும் இருப்பதில்லை. கணினிப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று 2022-இல் மத்திய அரசு அமைப்பு ஒன்று கட்டளை இட்டது. ஆகவே தாமதம் திருடனுக்குத் துணை.

இனி நாம் செய்ய வேண்டியவை:

1. பணம் போனது தெரிந்த உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். தகவல் வங்கிகளுக்குப் போய், எடுக்கப்படாமல் இருக்கும் பணம் நிறுத்தி வைக்கப்படும். முதல் ஒரு மணி நேரம் பொன்னானது. உங்கள் வங்கிக்கும் தகவல் கொடுங்கள்.

2. மத்திய அரசின் இணையக் குற்றப் புகார் தளத்தில் பதிவு செய்யுங்கள்; அல்லது மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்துக்குச் செல்லுங்கள். பரிவர்த்தனை எண், நேரம், தொகை, எதிரியின் கைபேசி எண் ஆகியவற்றை எழுதி எடுத்துப் போங்கள்.

3. ஆத்திரத்தில் செய்தியை அழித்துவிடாதீர்கள். கைபேசியை மாற்றாதீர்கள். மின்னணுப் பதிவின் நகலைக் கோர்ட்டில் காட்டச் சான்றிதழ் வேண்டும். முன்பு இது சாட்சியச் சட்டம் 65-பி பிரிவில் இருந்தது; 2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில் இருக்கிறது. மூலம் பத்திரமாக இருந்தால்தான் நகலுக்கு மதிப்பு.

4. கணக்கு மாறியது என்று செய்தி வந்தால், பழைய எண்ணில் முதலாளியோடு நேரில் பேசிய பிறகே பணம் அனுப்புங்கள்.

5. வாடிக்கையாளர் காட்டும் கைபேசிப் படத்தை நம்பிச் சரக்கு கொடுக்காதீர்கள். உங்கள் கணக்கில் வரவு வந்ததா என்று பாருங்கள்.

ஆள்மாறாட்டம் செய்து கம்ப்யூட்டர் வழியாக ஏமாற்றினால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவில் மூன்றாண்டு வரை சிறையும், ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு. சட்டம் இருக்கிறது, போலீசும் இருக்கிறது. புகார்தாரர் வந்தால்தான் இரண்டும் நடக்கும்.

ஏமாந்தது அவமானம் அல்ல. அந்தப் பெண் வெட்கப்பட்டு வீட்டிலேயே இருந்திருந்தால், அந்தத் தீர்ப்பும் இருந்திருக்காது. நான் இழந்த நான்கு நாளை நீங்கள் இழக்க வேண்டாம். 1930 என்ற எண்ணை இன்றே கல்லாவுக்கு மேலே எழுதி ஒட்டுங்கள்.