பெலிஹுல்ஓயாவா, பேராதனையா?

உயர்தரப் பெறுபேறு வந்ததும் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டத்துப் பிள்ளைகள் வெட்டுப்புள்ளியைப் பார்த்துப் பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்துகிறார்கள். அதோடு இன்னொன்றையும் பாருங்கள். உங்கள் தோட்டத்தைப் பற்றி உங்களுக்கு ஒரு கேள்வி இருந்தால், அதை ஆராய அங்கே ஆளும் வசதியும் உண்டா?

மண்சரிவை எடுத்துக்கொள்வோம். 2016 மே 17இல் அரநாயக்கவில் மலை சரிந்த அதே நாளில் புளத்கொஹுபிட்டியவில் லயன்களும் புதையுண்டன. எங்கள் லயன் இருக்கும் இடம் ஆபத்தானதா என்று இன்றே தெரியவேண்டுமென்றால் பல்கலைக்கழகம் வேண்டாம், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் போங்கள். அபாய வலய வரைபடம் அவர்களுடையது. அப்படியொரு வரைபடத்தை நாமே போடக் கற்கவேண்டுமென்றால் பெலிஹுல்ஓயாதான். அங்கே 1995இல் உருவான சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தில் நில அளவை, செய்மதிப் படம், வரைபடவியல் எல்லாவற்றுக்குமாகத் தனிப் பீடமே இருக்கிறது. நம் பிள்ளைகள் அதை இரண்டாம் பட்சமாக நினைப்பது எனக்குப் புரியாத விஷயம்.

எலிக்காய்ச்சல் போன்ற நோய்களில் நாட்டமுள்ளவர்களுக்கு அதே பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் இரத்தினபுரியிலேயே இருக்கிறது.

தோட்ட மக்களின் வரலாறு, கூலிக் கணக்கு, வாய்மொழிப் பாடல் என்றால் தயங்காமல் பேராதனை. தமிழ்த்துறையும் பெரிய நூலகமும் அங்கே உண்டு. கலைப் பாடங்களைத் தமிழிலேயே படிக்கலாம். பெலிஹுல்ஓயாப் பல்கலைக்கழகத்தின் பெயரில் நம் மாகாணமான சப்ரகமுவ இருக்கிறதே என்று கேகாலைக்காரர் மயங்கவும் வேண்டாம். பேராதனை கண்டி வீதியில் நேரே வந்துவிடும். பெலிஹுல்ஓயாவுக்கோ அவிசாவளை, இரத்தினபுரி, பலாங்கொடை என்று சுற்றவேண்டும். பலாங்கொடைப் பக்கத்தாருக்கு அதுவே வீட்டுக்குப் பக்கம்.

தேயிலைத் தொழில்நுட்பத்தையே பட்டமாகப் படிக்க பதுளையிலுள்ள ஊவா வெல்லஸ்ஸ இருக்கிறது. ஆனால் செடி, மண், பூச்சி பற்றிய ஆய்வு பல்கலைக்கழகத்தோடு முடிவதில்லை. 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் தலவாக்கலையில். நமது தாழ்நிலத் தேயிலைக்கு இரத்தினபுரி சென் ஜோக்கிம் தோட்டத்தில் அதன் நிலையம் உண்டு. கேகாலையின் இறப்பர் மரங்களுக்கு, 2019இல் இலங்கையில் தென்பட்ட இலையுதிர்வு நோய் உட்பட, அகலவத்தை இறப்பர் ஆராய்ச்சி நிறுவனம். சொந்தமாகத் தேயிலை, இறப்பர் வைத்திருப்பவர்கள் இவற்றின் ஆலோசனைச் சேவையைத்தான் முதலில் நாடவேண்டும். பல்கலைக்கழக ஆய்வு பெரும்பாலும் ஒரு மாணவரின் இறுதி வருடத்தோடு நின்றுவிடும்.

பல்கலைக்கழகத்திலிருந்து தோட்டத்துக்கு முகாம், கருத்தரங்கு, கணக்கெடுப்பு என்று வருகிறார்கள். தோட்டத்து இளைஞர் மன்றங்கள் சம்மதிக்குமுன் மூன்று கேள்வி கேட்கலாம்: பேசுவது தமிழிலா? எடுத்த தகவலின் முடிவை எங்களுக்குத் திரும்பத் தருவீர்களா? எந்தத் துறை, யார் பொறுப்பு? மூன்றாவதற்குப் பதில் இல்லையென்றால் படம் எடுத்துக்கொண்டு போகும் நிகழ்ச்சி என்று வைத்துக்கொள்ளலாம்.

மாணவர்களுக்கு ஒரு வேலை. விண்ணப்பத்தில் வரிசை போடுமுன், விரும்பும் துறையில் கடந்த சில வருடங்களில் எழுதப்பட்ட ஆய்வேடுகளின் தலைப்புகளைக் கேட்டு வாங்குங்கள். தோட்டம் ஒன்றாவது அதில் வருகிறதா என்று பாருங்கள். வந்திருந்தால், தோட்டத்துக்குள் போய் ஆய்வு செய்யத் தோட்டத் துரையிடம் எழுத்தில் அனுமதி பெறும் வழி தெரிந்த விரிவுரையாளர் ஒருவர் அங்கே இருக்கிறார்.